நான்காவது ஸ்லாட்

மதர்போர்டு வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். ஸ்லாட்டை எண்ணுகிறார்கள். அட்டைப்பெட்டியின் மேல் இருக்கும் படத்தைப் பார்த்து, நாலு இருக்கிறது, போதும் என்று தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அப்புறம் என்னிடம் வந்து தலையைச் சொறிவார்கள்.

இதெல்லாம் உங்களுக்குப் புரியாது என்று சொன்னீர்கள், மேடம். பரவாயில்லை, சுலபமாகவே சொல்கிறேன். மதர்போர்டு என்பது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பெரிய பலகை. எல்லாப் பாகங்களும் அதில்தான் உட்காரும். கூடுதலாக ஏதாவது கார்டு செருக வேண்டுமென்றால் அதற்கென்று நீளமான பள்ளங்கள் இருக்கும். அதுதான் ஸ்லாட். பள்ளம் இருந்தால் மட்டும் போதாது; அதற்குப் பின்னால் எவ்வளவு அகலமான வழி வருகிறது என்று பார்க்க வேண்டும். அதை பேண்ட்வித் என்போம். சில வீடுகளில் மூலைக்கு மூலை குழாய் இருக்கும், ஆனால் தொட்டியிலிருந்து இறங்குவது ஒரே பைப். குளியலறையில் ஒருவர் திறந்தால் சமையலறையில் நூலாக ஒழுகும். சில போர்டுகள் அப்படி. வெளிப்பார்வைக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது.

மீசை அரும்பிய காலத்திலிருந்து நான் இந்த வேலையைச் செய்கிறேன். என் கடைக்குப் பெயர்ப்பலகைகூடக் கிடையாது, ஆட்கள் விசாரித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். என் தம்பி தொட்ட முதல் கம்ப்யூட்டரே நான் கோத்ததுதான். கழித்துப் போட்ட பாகங்களை ஒன்றுசேர்த்து அவனுக்காகச் செய்தேன். அதில் உட்கார்ந்துதான் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டான். பிறகு படிப்பில், சம்பாத்தியத்தில், பேரில் எல்லாவற்றிலும் என்னைத் தாண்டிப் போனான். எனக்கு அதில் சந்தோஷம்தான். பொறாமை என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அவர்களுக்கு என்னைத் தெரியாது.

அந்த அட்டைப்பெட்டி கம்பெனியை நீங்களே போய்ப் பார்த்துவிட்டீர்கள். அட்டையைப் பிரஸ் என்கிற வெட்டு மெஷினுக்குள் தள்ளினால், மேலேயிருந்து கத்திப் பலகை இறங்கி, பெட்டியாக மடிப்பதற்குத் தோதாக வெட்டிவிடும். இரண்டு பொத்தானையும் இரண்டு கையால் சேர்த்து அமுக்கினால்தான் கத்தி இறங்கும். அமுக்குகிற நேரத்தில் கை உள்ளே இருக்காதல்லவா, அதற்காக அந்த ஏற்பாடு. ஆனால் அங்கே வேலை செய்கிற பெண்கள் ஒரு பொத்தானை டேப் போட்டு ஒட்டிவிடுவார்கள். ஒரு கை பொத்தானில், இன்னொரு கை அட்டையில். அப்படி ஓட்டினால்தான் அன்றைய வேலை முடியும். முதலாளியம்மா திட்டியும் பார்த்தார், டேப்பைப் பிய்த்தும் பார்த்தார். மறுநாள் புது டேப் இருக்கும்.

தம்பி ஒரு யோசனை சொன்னான். பிரஸ்ஸின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கேமரா. எந்தப் பக்கத்திலிருந்து கை உள்ளே போனாலும் கம்ப்யூட்டர் பார்த்துக் கத்தியை நிறுத்திவிடும். புரோகிராம் அவன் எழுதுவான். அதை ஓட்டுகிற கம்ப்யூட்டர் பெட்டியை நான் கோக்க வேண்டும்.

"அண்ணா, கேமராவுக்கு ஒண்ணுன்னு நாலு கார்டு வரும். எல்லாத்தையும் பதிஞ்சு வைக்க ஒரு டிரைவ். நாலு கார்டுக்கும் வழி முழுசா வேணும், ஒண்ணுகூட மூச்சு வாங்கக் கூடாது" என்றான். "போர்டு நீயே பாத்து எடு. எனக்கு அதெல்லாம் தெரியாது."

தெரியாது என்று அவன் வாயால் சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நல்ல வார்த்தை அது.

இரண்டு போர்டுகள் தேறின. ஒன்று பார்க்க அழுதுவடியும், ஆனால் எது எதைச் செருகினாலும் நான்கு ஸ்லாட்டுக்கும் வழி குறையாது. இன்னொன்றில் கலர் விளக்கெல்லாம் எரியும். அதிலும் நான்கு ஸ்லாட். டிரைவ் செருக மேலே ஓர் இடம், கீழே ஓர் இடம். மேலே செருகினால் வம்பே இல்லை. கீழே செருகினால், நான்காவது ஸ்லாட்டுக்குப் போகிற வழியில் பாதிக்கு மேல் அந்த டிரைவ் பிடுங்கிக்கொள்ளும். நான் இரண்டாவதை வாங்கினேன். கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது. டிரைவை மேலேதான் செருகினேன். அப்படி ஒன்று கையில் இருக்கட்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

முதல் வெள்ளோட்டம் அமர்க்களமாக நடந்தது. ஒரு கையுறைக்குள் துணியைத் திணித்து, குச்சியில் கட்டி உள்ளே விட்டார்கள். எந்தப் பக்கம் விட்டாலும் கத்தி அப்படியே நின்றது. கைதட்டல் ஓயவில்லை. முதலாளியம்மா தம்பியின் தோளைத் தட்டி, "கெட்டிக்காரப் பிள்ளை" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இந்தப் பெட்டியும் நல்லாத்தான் இருக்கு. எந்தக் கடையில வாங்கினீங்க?" என்று கேட்டார்.

"வாங்கல மேடம், அண்ணன் கோத்தது. அண்ணன் இல்லாட்டி நான் ஒண்ணுமே இல்ல" என்று தம்பி முந்திக்கொண்டான்.

அவர், "அப்படியா" என்று சொல்லிவிட்டு, அவனுடைய பெருந்தன்மையைத்தான் பார்த்து உருகினார். எனக்காக அவன் பேசியதிலும் அவனுக்குத்தான் பேர் கிடைத்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

வீட்டில் என் மனைவி சோற்றைப் போட்டுக்கொண்டே, "கொழுந்தனார் மூளையே மூளைங்க. நீங்களும் கூடப் போயி நாலு ஸ்க்ரூ முறுக்கிக் குடுத்திருக்கீங்க, அதுவும் பெரிய விஷயந்தான்" என்று சிரித்தாள். வேடிக்கைக்குத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

மறுநாள் தூசி தட்டுகிறேன் என்று பெட்டியைத் திறந்தேன். டிரைவை மேலேயிருந்து கழற்றிக் கீழே செருகினேன். ஒரே ஒரு ஸ்க்ரூ. அதை முறுக்கும்போது என் மனைவி சொன்னது நினைவுக்கு வந்தது.

நான் எதிர்பார்த்தது ஒரு சின்னத் தடங்கல். எல்லார் முன்னாலும் படம் திக்கும், தம்பி திருதிருவென்று முழிப்பான், "அண்ணா, என்னன்னு பாரேன்" என்று கூப்பிடுவான். நான் போய்ப் பெட்டியைத் திறந்து, கை வைத்து, சரிசெய்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வேன். அது ஒரு பெரிய ஆசையா, நீங்களே சொல்லுங்கள்.

அவன் கேட்கத்தான் செய்தான். ஆனால் தனியாக, தேநீர் குடிக்கிற இடத்தில் என் காதருகே குனிந்து கேட்டான்.

"அண்ணா, நாலாவது கேமரா மட்டும் லேசா பின்தங்குது. சில நேரம் வருது, சில நேரம் வரல. போர்டுல ஏதாச்சும் இருக்குமா?"

அங்கே வேறு யாருமே இல்லை. அது எனக்கு உதவாது.

"போர்டுல ஒண்ணும் இல்லடா. உன் புரோகிராம்ல பாரு" என்றேன்.

அவன் அப்படியே நம்பினான். நான் சொன்னால் நம்பிவிடுவான், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். தான் எழுதியதையெல்லாம் பிரித்துப் போட்டுத் தேடினான். கண் சிவந்து, முகம் வாடிப் போயிற்று. இது சரியாகும்வரை யாரும் பிரஸ்ஸில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டான். முதலாளியம்மா எரிந்து விழுவார் என்று பார்த்தேன். "அவசரமே இல்ல, நிதானமா பாருங்க தம்பி" என்றார். என் வாடிக்கையாளர்கள் ஒருவர்கூட என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. கடைசியில் அவனுடைய புரோகிராமில் ஏதோ ஒரு சின்னப் பிழை கிடைத்தது. அதுதான் காரணம் என்று நினைத்துத் திருத்தினான். யார் எழுதியதைத் தோண்டினாலும் ஒரு பிழை கிடைக்கும், மேடம்.

மறுபடி எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினான். சோதனைக்காக இரண்டு பொத்தானையும் டேப் போட்டு ஒட்டியிருந்ததால், பிரஸ் தன் பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. துணிக் கையை விட்டான், நின்றது. அப்போது பிரஸ் ஓட்டுகிற அக்கா ஒருவர், வாய்த்துடுக்குக்காரர், "துணிக் கைக்கு நிக்குது, சரி. நெசக் கைக்கு நிக்குமா தம்பி? நீங்க விட்டுக் காட்டுங்க, அப்புறம் நாங்க டேப்ப பிச்சுப் போடுறோம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே சட்டைக் கையை மடித்துவிட்டான்.

மூன்று பக்கமும் விட்டான். மூன்று பக்கமும் நின்றது. நான்காவது பக்கம் வந்ததும் என்னைப் பார்த்தான்.

"அண்ணா, போர்டு சரிதானே?"

அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள். அன்று காலையிலிருந்து என்னை யாரும் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நான் பாத்து எடுத்தது. கண்ண மூடிட்டுக் கைய விடு" என்றேன்.

பிரஸ்ஸை நிறுத்துகிற சிவப்புப் பொத்தான் என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது என்று நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். இருந்தது. ஏன் அமுக்கவில்லை என்று கேட்டால், நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காவது படத்தில் அவன் கை இன்னும் வெளியில்தான் இருந்தது. கத்தி இறங்கிய சத்தம் கேட்ட பிறகுதான் படத்தில் கை உள்ளே போயிற்று. நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பின்தங்கியிருந்தது. வழி அவ்வளவு குறுகும் என்று போர்டு செய்தவர்களே சொல்லவில்லை.

அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியது நான்தான். மருத்துவமனையில் கூடவே இருந்து சோறு ஊட்டியது நான், வாய் துடைத்துவிட்டது நான், சட்டைப் பொத்தான் போட்டுவிட்டது நான். வலது மணிக்கட்டுக்குக் கீழே அவனுக்கு ஒன்றும் இல்லை. "அண்ணன்னா இப்படில்ல இருக்கணும்" என்று என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நர்ஸ்களும் அதையே சொன்னார்கள். அந்த நாட்கள் நன்றாக இருந்தன என்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள், அதனால் சொல்லவில்லை.

ஒரு நாள் ஊட்டிக்கொண்டிருக்கும்போது, "அண்ணா, போர்டு கூட வந்த புத்தகத்தப் படிச்சேன். டிரைவ எங்க போட்டிருக்க, மேலயா, கீழயா?" என்று கேட்டான்.

"கீழ" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டான். பிறகு வாயைத் திறந்தான், மிச்சச் சோற்றை ஊட்டினேன். அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

அத்தோடு எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் அவன் சும்மா கிடக்கிற ஆளா. இடது கையால் கீபோர்டு தட்டிப் பழகினான். வேகமும் வந்துவிட்டது. பார்க்க வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். முதலாளியம்மா வந்து, "உங்களுக்கு எப்பவும் இங்க இடம் உண்டு" என்று அழுதார். சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு நான் சுவரோரம் நின்றேன். வாசலுக்குப் போக வழி கேட்பதற்காக மட்டும் என்னிடம் பேசினார்.

அப்புறம் நீங்கள் விசாரணைக்கு வந்தீர்கள். அவன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியும். "போர்டை நான்தான் எடுத்தேன், டிரைவையும் நான்தான் அந்த இடத்தில் செருகினேன், அண்ணனுக்கு இதில் சம்பந்தமே இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான், இடது கையால். இப்போது கம்பெனி முழுக்க அதே பேச்சு. கையும் போய், பழியையும் தன் தலையில் போட்டுக்கொண்டானே, இவனல்லவா மனுஷன் என்கிறார்கள். பிரஸ் ஓட்டுகிற அந்த அக்கா அவன் படத்தைப் பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார், பொத்தானில் ஒட்டுகிற அதே டேப்பால். என் மனைவி நேற்று என்னிடம் சொல்கிறாள், அப்படி ஒரு மனசு நமக்கெல்லாம் வராதுங்க என்று.

நீங்கள் கூப்பிடாமலே நான் ஏன் வந்தேன் என்று கேட்டீர்களே, அதற்குத்தான் இவ்வளவு நேரம் பதில் சொன்னேன். மனசாட்சி உறுத்தியது என்று வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் சரியாக எழுதுங்கள். எந்த இடத்தில் எதைச் செருகினால் எந்த ஸ்லாட் திணறும் என்று தெரிந்து, கடையில் அத்தனை போர்டுகளையும் பார்த்து, அதற்கென்றே ஒன்றை எடுக்க எவ்வளவு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அது அவனால் ஆகிற காரியமில்லை. தனக்கு ஒன்றும் தெரியாது என்று அவன் வாயாலேயே சொன்னான்.

அவன் சொன்னதை அடித்துவிடுங்கள், மேடம். போர்டைத் தேர்ந்தெடுத்தது நான். அதையாவது என் பேரில் எழுதிக்கொள்ளுங்கள்.