ஏழாம் குழாய்

குடைமிளகாய் சுடுவது எனக்குப் பிடித்த வேலை. செப்டம்பர் வந்தால் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு முற்றத்தில் நெருப்பு மூட்டிச் சிவப்பு மிளகாயைச் சுடுவார்கள். சுட்டதைக் கிணற்றுத் தண்ணீரில் போட்டுத் தோலுரித்து, விழுதாக்கி, குளிர்காலத்துக்குப் புட்டிகளில் அடைப்பார்கள். போன செப்டம்பரில் நான் எங்கள் பிரிவுத் தலைவர் ஸ்டொயில் வீட்டில் எண்பது கிலோ உரித்தேன். அவர் மனைவி ருமியானா அக்கா, "மெல்லப் பண்ணு தம்பி, பொண்டாட்டி நினைப்புல கையைச் சுட்டுக்காத" என்றார். நான் சுட்டுக்கொள்ளவில்லை. அந்தத் தண்ணீரில் என்ன இருந்தது என்று அந்த முற்றத்தில் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

வாக்குமூலத்தை முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன்.

எங்கள் அணுமின் நிலையத்தில் எரிந்து முடிந்த எரிபொருள் கழிகளை ஒரு குளத்தில் வைத்திருக்கிறோம். பன்னிரண்டு மீட்டர் ஆழம். உலையிலிருந்து எடுத்த பிறகும் அவை வருடக்கணக்கில் சூடாகவே இருக்கும். தண்ணீர்தான் சூட்டையும் கதிர்வீச்சையும் வாங்கிக்கொள்கிறது. ஐந்து வருடம் வைத்துவிட்டு வேறிடம் அனுப்பலாம் என்று கட்டினார்கள். அனுப்ப இடம் கிடைக்கவில்லை. முப்பத்தொரு வருடமாகக் கழிகள் அங்கேயே இருக்கின்றன.

குளத்தின் உட்பக்கம் எஃகுத் தகடு, வெளியே கான்கிரீட். தகடு கசிந்தால் தண்ணீர் இரண்டுக்கும் நடுவே உள்ள குழாய்களில் இறங்கி, நிலவறையில் கண்ணாடி ஜாடிகளில் சொட்டும். வாரம் ஒருமுறை யாராவது இறங்கி, நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று எண்ணி எழுத வேண்டும். அந்த வேலையைச் செய்தவள் நெவேனா. என் மனைவி. இருவரும் தலைநகர் சோஃபியாவில் ஒரே வகுப்பில் வேதியியல் படித்தோம். நான் மேலே ஆய்வுக்கூடத்தில் இருந்தேன், அவள் கீழே.

ஏழாம் குழாய் நான்கு வருடமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. போன வருடம் ஜனவரியில் நின்றது. பிரிவுத் தலைவர் ஸ்டொயில் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட அப்பம் ஒரு தட்டும், வீட்டில் காய்ச்சிய பிளம் சாராயம் ஒரு புட்டியும் கொண்டுவந்தார். ஜாடி காய்ந்ததற்கு விருந்து. எல்லோரும் குடித்தோம். நெவேனா குடிக்கவில்லை.

"கசிவு நிக்கல சார். குழாய் அடைச்சிருக்கு. குளத்துத் தண்ணில போரிக் அமிலம் இருக்கு, காஞ்சா உப்பு மாதிரி கட்டிக்கும். தண்ணி இப்போ சுவருக்குள்ள போகுது."

"சொட்டுனா சொட்டுதுன்னு வர்ற. நின்னா நின்னுடுச்சுன்னு வர்ற. உனக்கு என்னதான்மா வேணும்?"

"ஒரு கம்பி, கொஞ்சம் வெந்நீர், கூட ஒரு ஆள்."

"ஆளா? அடுத்து பேண்டு வாத்தியம் கேப்ப போல. போம்மா, போய் ஒரு புள்ளையப் பெத்துக்க. இந்தக் கவலையெல்லாம் தன்னால போயிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். நிலவறைக்கு இருவராகத்தான் இறங்க வேண்டும் என்பது விதி. ஸ்டொயில் ஆள் தரவில்லை.

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நெவேனா தனியாக இறங்கினாள். ஏணி ஈரமாக இருந்திருக்கிறது. ஆறு மணி நேரம் ஆகியும் போனை எடுக்கவில்லை என்று நான் தேடிப் போனேன். ஏணிக்கு அடியில் கிடந்தாள். உடல் குளிர்ந்திருந்தது. பக்கத்தில் ஏழாம் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. விழுவதற்கு முன் அடைப்பை எடுத்திருக்கிறாள். ஜாடி பாதி நிறைந்திருந்தது.

நான் அங்கே உட்கார்ந்து யோசித்தேன். மேலே போய் இதைச் சொன்னால் என்ன நடக்கும்? தகட்டைப் பற்றவைத்துச் சரிசெய்வார்கள். நெவேனா பெயரில் சுவரில் ஒரு பலகை மாட்டுவார்கள். அதைத் திறந்துவைப்பவர் ஸ்டொயிலாக இருப்பார். ஒரு நிமிட மௌனம், பிறகு அப்பம். அவர்களுக்கு அது போதும். எனக்குப் போதாது.

ஜாடியை வடிகாலில் கொட்டித் துடைத்து வைத்தேன். கையுறையின் ஒரு விரலை வெட்டிக் குழாயின் வாயில் திணித்தேன். பிறகு உதவிக்குக் கூப்பிட்டேன். மறுவாரம் கையுறை விரலை எடுத்துவிட்டுப் பிசின் வைத்து அடைத்தேன். அது இன்னும் நன்றாகப் பிடித்துக்கொண்டது.

அவள் வேலையை நானே கேட்டு வாங்கினேன். துக்கத்தில் கேட்கிறான் என்று கொடுத்தார்கள். ஐம்பத்தொரு வாரம் ஏழாம் குழாய்க்கு எதிரே பூஜ்யம் எழுதினேன்.

அடைத்த தண்ணீர் சும்மா இருக்காது. கான்கிரீட்டில் ஊறும், உள்ளே இருக்கும் கம்பியைத் துருவாக்கும், மண்ணில் இறங்கி டான்யூப் ஆற்றுப் பக்கம் நகரும். நிலையத்தின் சோதனைக் கிணறுகளை எதிர்ப்பக்கத்தில் தோண்டியிருக்கிறார்கள். அது என் தவறல்ல. ஆற்றுப் பக்கத்தில் இருப்பது பிளம் தோப்புத் தெரு. எட்டு வீடு, எட்டுக் கிணறு. நான்காவது வீடு ஸ்டொயிலுடையது.

ஞாயிறுதோறும் அங்கே போனேன். தனியாக இருக்கிறான், பாவம் என்று அவர்களே அழைத்தார்கள். எங்கள் அடுக்குமாடியில் தண்ணீர் நாறுகிறது என்று சொல்லிவைத்தேன். ருமியானா அக்கா ஒவ்வொரு முறையும் கிணற்றுத் தண்ணீர் இரண்டு புட்டி பிடித்துக் கொடுப்பார். அதை ஆய்வுக்கூடத்தில் அளந்தேன். ஜூலையில் ட்ரிட்டியம் தெரிந்தது. கதிரியக்கம் உள்ள பொருள், தண்ணீரோடு தண்ணீராகவே போகும். நிறமில்லை, ருசியில்லை. மிளகாய் சுட்ட அன்று அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. டிசம்பரில் மூன்று மடங்கு.

டிசம்பரில் ஸ்டொயிலின் மகள் தியோடோரா கைக்குழந்தையோடு வந்திருந்தாள். பெண் குழந்தை, ஐந்து வாரம். தாய்ப்பால் போதவில்லை. பால் மாவு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டாள்.

"அண்ணா, நீங்கதான் தண்ணி டாக்டராச்சே. கிணத்துத் தண்ணில இதக் கரைக்கலாமா? நர்ஸ் கடைத் தண்ணிதான் வாங்கணுங்கறா, அப்பா கத்துறாரு."

"அந்தத் தண்ணி குடிச்சுத்தான்டி நீ வளந்த" என்றார் ஸ்டொயில். "ரெண்டு தலையா முளைச்சுது உனக்கு? ஒண்ணே ஒழுங்கா வேலை செய்யல."

அவள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தாள்.

"கொதிக்க வெச்சா போதும்" என்றேன்.

அது முழுப் பொய் இல்லை. கிருமிகளுக்கு அது போதும்.

இந்த இடத்தில் நீங்கள் பேனாவைக் கீழே வைத்தீர்கள். பரவாயில்லை, நான் காத்திருக்கிறேன்.

எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், ஓராண்டு என்று படத்துடன் தாள் அச்சடித்துக் கதவிலும் மரத்திலும் பஸ் நிறுத்தத்திலும் ஒட்டுவோம். நெவேனாவின் ஓராண்டுக்கு அறுபது தாள் அச்சடித்தேன். மேலே அவள் படம். கீழே வழக்கமாக இரங்கல் கவிதை வரும் இடத்தில் ஸ்டொயில் வீட்டுக் கிணற்றின் அளவுகள், வாரவாரியாக. கடைசி வரி: கசிவு நிற்கவில்லை. முதல் தாளை அவர் வீட்டுக் கதவில் ஒட்டினேன்.

காலை எட்டு மணிக்கு அந்தத் தாளோடு என் வீட்டுக்கு வந்தார். சட்டைப் பொத்தானைக்கூட மாற்றிப் போட்டிருந்தார்.

"எப்பலேர்ந்துடா தெரியும்?"

"ஜூலையிலேர்ந்து."

"எம்மேல கோவம்னா என் கழுத்த அறுத்திருக்கலாமேடா. பச்சப்புள்ள உனக்கு என்னடா பண்ணுச்சு?"

"நெவேனா சொன்னது சரின்னு ஒரு தடவை சொல்லுங்க சார்."

"சரிதான்டா. அவ சொன்னது சரிதான். போதுமா?"

ஒரு வருடம் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தேன். கேட்டதும் எதுவும் ஆகவில்லை. அவர் நின்றபடியே அழுதார். நான் நாற்காலியை நகர்த்திப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

குழந்தையிடம் இதுவரை பாதிப்பு எதுவும் தெரியவில்லையாம். வளரும்வரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறார்கள். குளத்துச் சுவரைத் துளைத்துப் பார்த்ததில் கீழ்ப்பகுதியில் கம்பி பாதி அரித்துப்போயிருக்கிறது. கழிகளை மாற்றிவைக்க வேறு குளம் இல்லை. எல்லாம் நான் செய்தது. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் காரணம் என்ற இடத்தில் 'பழிவாங்கல்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மாற்றுங்கள். அவளோடு இறங்க ஒரே ஒரு ஆள் இருந்திருந்தால் அவள் இன்று உயிரோடு இருப்பாள். அந்த ஆளை மறுத்தவர்களை நான் தண்டித்தேன். அதற்குப் பெயர் நீதி.

அந்த ஞாயிறு காலையில் நான் எங்கே இருந்தேன் என்றும் கேட்டீர்கள். வீட்டில். நெவேனா காலணியைக் கட்டிக்கொண்டே, "ஒரு மணி நேரம்தான், நீ வாயேன். ஏணியைப் பிடிச்சுக்கிட்டா போதும்" என்றாள். "அதான் நின்னுடுச்சே, விட்டுத்தொலை" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தேன். இதை வாக்குமூலத்தில் சேர்க்க வேண்டியதில்லை. இதற்கும் வழக்குக்கும் சம்பந்தமில்லை.