பவளக்காரரும் ஜெல்லிக்காரியும்

...காலையிலயே போன் பண்ணிட்டேன்னுதான் எங்க வீட்டுக்காரர் சொன்னார், தம்பி. காலையிலயே. நீங்க என்னடான்னா சாப்பாட்டு நேரமெல்லாம் தாண்டி, ஆடி அசைஞ்சு வர்றீங்க. சரி, உங்களைச் சொல்லி என்ன. வாங்க உள்ள. பார்த்து, தரையெல்லாம் உப்புத் தண்ணி, வழுக்கும். இப்ப லைட்டைப் போட்டுக்கலாம், தாராளமா போட்டுக்கலாம். காலையில வந்திருந்தா வாசல்லயே நிக்க வெச்சிருப்பேன், அது வேற விஷயம்.

மெஷின் அதோ, அந்த மூலையில. அட்டைப்பெட்டியெல்லாம் நகர்த்திட்டு அந்தப் பக்கம் போங்க. அதேதான், தண்ணியைக் குளிர வைக்கிற மெஷின். குளிர்ச்சி போறது சுவருக்கு அந்தப் பக்கம் அவரோட பவளத்துக்கு. மெஷின் உக்காந்திருக்கிறது என் ஆராய்ச்சி ரூம்ல. இந்த அநியாயத்தை எங்க போய்ச் சொல்றது. என் ஜெல்லி மீனுங்களுக்கு இதெல்லாம் ஒண்ணும் வேண்டாம். இதோ பாருங்க, கண்ணாடிச் சட்டியில, சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். எது கிடைச்சாலும் தின்னுட்டு, சிவனேன்னு நீந்திட்டிருக்கும். பவளம் அப்படியா? ராஜ பரம்பரை. தண்ணி கொஞ்சம் சூடானா போதும், அதோட உடம்புக்குள்ள ஒரு பாசி குடியிருக்கு பாருங்க, வீட்டுக்கே சமைச்சுப் போடற குடித்தனக்காரன், அவனையே வெளிய துரத்திடும். துரத்திட்டு, சோத்துக்கு வழியில்லாம வெளுத்துப் போய் நிக்கும். இதுக்குத்தான் என் வீட்டுக்காரர் பதினஞ்சு வருஷமா சேவகம் பண்றார்.

நான் ஜெல்லி, அவர் பவளம். ரெண்டும் ஒரே வம்சம்தான், தெரியுமா? கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி ஒரே பாட்டன் சொத்து. பங்காளிங்க. ரெண்டுக்கும் கொட்டுற செல் உண்டு. குட்டியா ஒரு பைக்குள்ள ஊசியும் நூலும் சுருட்டி வெச்சிருக்கும், யாராவது தொட்டா சுளீர்னு சுட்டுடும். ஒரு செல் ஒரு தடவைதான். சுட்டா தீர்ந்தது, அந்த இடத்துக்கு வேற செல்தான் முளைச்சு வரணும். இதைக் கல்யாணமான புதுசுல அவருக்கு நான்தான் விளக்கினேன். அதுக்கு மனுஷன் என்ன சொன்னார் தெரியுமா... உனக்கு மட்டும் எப்படிம்மா தீரவே மாட்டேங்குதுன்னார். சிரிக்காதீங்க. வேலையைப் பாருங்க.

என்ன? ஆமா, தண்ணி சூடாத்தான் இருக்கும். ராத்திரியே நின்னுபோச்சு போல. இவர்தான் எதையோ நோண்டியிருப்பார். நோண்டினீங்களான்னு கேட்டேன். ஆமா, நான்தான் நேத்து எதையோ திருகிட்டேன்னு ஒத்துக்கிட்டார். அதுவும் சிரிச்சுக்கிட்டே. அவர் இடத்துல நான் இருந்தா அழுதிருப்பேன், தம்பி. ஏன்னா இந்த வாரம்தான் அவரோட பவளம் முட்டை விடணும். வருஷத்துக்கு ஒரு தடவைதான் விடும். நிலா பார்த்து, கடல் சூடு பார்த்து, நாள் நட்சத்திரம் பார்த்து. நிலாவுக்குன்னு தொட்டிக்கு மேல ஒரு பல்பு கட்டி, வளர்பிறை தேய்பிறை எல்லாம் இவரே நடத்தறார். போன வருஷம் கரண்ட் போய் எல்லாம் பாழ். அன்னைக்கு ராத்திரி சாப்பிடாமலே படுத்துட்டார். இந்த வருஷமும் தண்ணி சூடாச்சுன்னா அவ்வளவுதான், இன்னும் ஒரு வருஷம். அதான் விடிஞ்சதுலேர்ந்து கேன்டீனுக்கும் தொட்டிக்குமா நடையா நடக்கிறார். பாட்டில் பாட்டிலா ஐஸ் கட்டி எடுத்துட்டு வந்து தொட்டியில மிதக்க விடறது, உருகினா எடுக்கிறது, வேற போடறது. கையைப் பார்த்தேன், சிவந்து, விரல் நுனியெல்லாம் ஊறிப் போய்... டீ டம்ளரைப் பிடிக்க முடியலை அவரால. நல்லா வேணும், மெஷினை நோண்டினா அப்படித்தான்னு சொல்லிட்டு வந்தேன்.

இல்ல தம்பி, எனக்கும் வருத்தம்தான். ஆனா இன்னைக்குன்னு பார்த்து எனக்கு உயிர் போற வேலை. என் ஜெல்லி இருக்கே, ராத்திரி பூரா கும்மிருட்டுல வெச்சு, அப்புறம் வெளிச்சம் காட்டினா, கொஞ்ச நேரத்துல முட்டை விட்டுடும். நான் வேணும்கிற நேரத்துக்கு வெளிச்சம் காட்டணும், முட்டை வந்த உடனே, அது ஒரே செல்லா இருக்கும்போதே ஊசி குத்தணும். ரெண்டாப் பிரிஞ்சுட்டா போச்சு. நடுவுல ஒரு பொட்டு வெளிச்சம் பட்டா நான் இல்லாத நேரத்துல விட்டுட்டுப் போயிடும். நாலு மாசமா இதே கதை. ஒருநாள் கதவிடுக்கு. ஒருநாள் யாரோ ஒரு புண்ணியவானோட கைபேசி. இருட்டு முடிஞ்சா ஊசி. அப்ப மேசை துளி ஆடக்கூடாது, ஆடினா ஊசி முனை போயிடும், நின்ன மெஷின் கிளம்பற அதிர்வே போதும். அதனால நான் வெளிய வர்ற வரைக்கும் ஒரு ஈ காக்கா உள்ள வரக்கூடாதுன்னு கதவுல எழுதி ஒட்டியிருக்கேன்.

ஊசி எதுக்கா? நல்லா கேட்டீங்க. கொட்டுற செல் இருக்கே, அதுக்கு நீ கொட்டுற செல்லா ஆகுன்னு உள்ள ஒரு கட்டளை இருக்கும். ஊசி மருந்தால அதை அடைச்சுட்டா அது என்னவா ஆகும்? நரம்பு செல்லா ஆகும்னு நான் சொல்றேன். ரெண்டும் அக்கா தங்கச்சிதான்னு நான் சொல்றேன். அவர் பார்க்கலாம், பார்க்கலாம்னு இழுப்பார். எல்லாத்துக்கும் இப்படித்தான். அந்த ஆதிப் பாட்டன் நீந்திட்டிருந்ததா, பாறையில ஒட்டிக்கிட்டு உக்காந்திருந்ததான்னு எங்களுக்குள்ள பதினஞ்சு வருஷமா வழக்கு. அவர் உக்காந்ததுதான் முதல்ல என்பார். சாய்வு நாற்காலியில உக்காந்துகிட்டே சொல்வார். என் ஜெல்லியும் சின்ன வயசுல ஒட்டிக்கிட்டுத்தான் கிடக்கும், இல்லைங்கலை. ஆனா ஒத்துக்க முடியுமா.

விடியக்காலையில சிவப்பு விளக்கைப் பிடிச்சுக்கிட்டு உள்ள எட்டிப் பார்த்தார். சிவப்பு பரவாயில்லை, ஜெல்லிக்குத் தெரியாது. அந்த மூலைக்குப் போனார், கொஞ்ச நேரம் நின்னார், திரும்பி வெளிய போயிட்டார். அப்புறம் கதவுக்கு வெளிய நின்னுகிட்டு ஒரே நச்சு. முடிஞ்சுதா? கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும், முடிஞ்சுதாம்மா? எனக்கா வந்ததே கோபம். வருஷத்துக்கு ஒருதடவை வேலை செய்யறவருக்கு என்ன அவசரம்னு உள்ளயிருந்தே கத்தினேன். ஆனா தம்பி, இன்னைக்கு வந்தது. நாலு மாசத்துல முதல் தடவையா, சொல்லி வெச்ச மாதிரி அத்தனையும் முட்டை விட்டுச்சு. ஒரு ஊசி உடையலை. கண்ணுல தண்ணியே வந்துடுச்சு எனக்கு. வெளிய வந்து முடிஞ்சுதுங்கன்னு சொன்னேன் பாருங்க, என்னைவிட அவருக்கு சந்தோஷம். உடனே போனை எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போயிட்டார்.

இதுக்கு நடுவுல என் கறுப்புத் துணியை வேற காணோம். கெட்டித் துணி, ஊசி முனை வெளிச்சம் உள்ள போகாது. நேத்து சாயங்காலம் கூட கையில வெச்சிருந்தேன். இவர்தான் தொட்டி துடைக்க எடுத்துட்டுப் போயிருப்பார். கேட்டா தெரியாதுன்னு முழிக்கிறார்.

ஓடிடுச்சா? அட, சத்தம் கேட்குதே. நல்ல கைராசிங்க உங்களுக்கு. ஒரு பாகமும் மாத்தலையா? அப்புறம் என்னதான்... என்ன தம்பி அது, பைக்குள்ள சுருட்டி வைக்கிறீங்க? இல்ல, கறுப்பா. காட்டுங்க. காட்டுங்கன்னா.

இது என் துணி.

எங்க இருந்துச்சு? மெஷின் மேலயா? மேல, பின்னாடி காத்து போற வலையை மூடிக்கிட்டா...

இருங்க. இருங்க, அந்தப் பச்சை விளக்கு. மெஷின் முகத்துல மினுக்கு மினுக்குனு ஒரு பச்சை விளக்கு எரியுமே. நேத்து கிளம்பற அவசரத்துல, இது எரிஞ்சா என் ஜெல்லி தூங்காதேன்னு... நான்தான். நான்தான் மொத்தமா போர்த்திட்டுப் போனேன். அது மூச்சு முட்டி நின்னுருக்கு.

அவர் சொன்னாரா? உங்ககிட்டயா? எப்ப? காலையிலயே சொல்லிட்டாரா... பின்னாடி ஒரு துணி இருக்கும், மேடம் பார்க்காம எடுத்துட்டு வந்துடுங்கன்னு. மத்தியானத்துக்கு முன்னாடி வரவேண்டாம், நான் கூப்பிடறேன்னு.

அப்ப விடியக்காலையில அந்த மூலையில நின்னாரே, அப்பவே தெரியும் அவருக்கு. துணியை எடுத்து மெஷினை ஓட விட்டா பச்சை விளக்கு எரியும், என் முட்டை போயிடும். இருட்டு முடிஞ்சப்புறம் ஓட விட்டா மேசை ஆடும், என் ஊசி போயிடும். அதுக்காகவா அத்தனை நடை. தன்னோட ஒரு வருஷத்தை ஐஸ் பாட்டில்ல பிடிச்சு நிறுத்திக்கிட்டு, முடிஞ்சுதா முடிஞ்சுதான்னு... நான் நல்லா வேணும்னு சொன்னேன் தம்பி. அந்தக் கையைப் பார்த்துக்கிட்டே சொன்னேன்.

தண்ணி குளிர இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்? சாயங்காலம் ஆயிடுமா. சரி. இந்தாங்க துணி. உங்க பைக்குள்ளயே வைங்க. அவர் சொன்ன மாதிரியே எடுத்துட்டுப் போங்க. நான் பார்க்கலை. ராத்திரி வீட்டுல போய் என் துணி எங்கன்னு சத்தம் போடுவேன், அவர் தெரியாதுன்னு முழிப்பார், அது நடக்கட்டும்.

வாசல்ல ஒரு பெட்டி இருக்கு பாருங்க, அதுல காலி பாட்டில். அதை இப்படி நகர்த்துங்க. அடுத்த நடை நான் போறேன்.