ஒரு நிமிடம்கூட நிற்காத ஆய்வகம்

அந்த நாற்காலியில் உட்காராதீர்கள், அதற்கு ஒரு கால் குட்டை. மாற்றித் தரச் சொல்லிப் பல மாதம் ஆகிறது. இந்த ஆஸ்பத்திரியில் ஒரு நாற்காலியை மாற்றுவதற்குள் அதில் உட்காருகிறவர் ஓய்வு பெற்றுவிடுவார். இதில் உட்காருங்கள். இது நான் வீட்டிலிருந்து கொண்டுவந்தது.

உங்கள் விசாரணை அறிக்கையைப் படித்தேன். எழுத்துப் பிழை அதிகம் இல்லை. உங்கள் குழுவுக்கு அதுவே பெரிய சாதனைதான். ஆனால் முடிவு என்று ஒன்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பார்த்த பிறகுதான் உங்களை வரச் சொன்னேன். புது மென்பொருள் சரியாக வேலை செய்யாததால் சிறுநீரக வார்டில் ஒரு பெண் இறந்துபோனாராம். அதனால் ஆய்வகம் பழைய மென்பொருளுக்கே திரும்ப வேண்டுமாம். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை. மென்பொருளில் எந்தக் கோளாறும் இல்லை. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.

இறந்தவர் என் நாத்தனார், என் கணவருக்கு அக்கா. அது உங்களுக்குத் தெரியும். துக்கம் விசாரிக்க வேண்டாம், வேலையைப் பேசுவோம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிகிறதே, அதுதான் ஆய்வகம். வார்டுகளிலிருந்து ரத்தக் குழாய்கள் வந்து இறங்கும். எந்தக் குழாய் யாருடையது, எந்த மிஷினுக்குள் போக வேண்டும், மிஷின் சொன்ன எண் எந்த வார்டின் திரையில் போய் நிற்க வேண்டும், எல்லாவற்றையும் மென்பொருள் பார்த்துக்கொள்ளும். எண் ஆபத்தான அளவில் இருந்தால் வார்டுத் திரையில் சிவப்புக் கட்டம் வந்து மணி அடிக்கும். அதற்கு அலர்ட் என்று பெயர். இங்கே வேலை செய்கிறவர்களுக்குக் குழாயை எடுத்து வைப்பதும் எடுத்துப் போடுவதும்தான் வேலை. ஆனால் தாங்கள் ஒரு நாள் லீவு போட்டால் ஊரே செத்துவிடும் என்கிற நினைப்பு ஒவ்வொருவருக்கும் உண்டு.

எனக்கு முன்னால் இந்த அறையில் இருந்தவரும் ஒரு முறை மென்பொருளை மாற்றினார். ஒரு பகல் முழுவதும் ஆய்வகம் நின்றுபோனது. குழாய்கள் வாளி வாளியாகக் குவிந்தன. நோயாளிகளின் சொந்தக்காரர்கள் நடைபாதையில் நின்று கத்தினார்கள். அவர் இப்போது ஸ்டோர் ரூமில் கையுறைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருக்கிறார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அவர் இன்றைக்கும் மின்சாரத்தைத்தான் குறை சொல்கிறார்.

இந்த முறை பொறுப்பு எனக்கு வந்தது. பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டார். இந்த ஆஸ்பத்திரியின் தலைவரை அப்படித்தான் சொல்வோம்.

"போன தடவை மாதிரி மானத்தை வாங்கிடாதீங்கம்மா" என்றார்.

"மாத்துறதே யாருக்கும் தெரியாது சார். ஒரு நிமிஷம்கூட நிக்காது" என்றேன்.

அவர் நம்பாமல் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. அது போகட்டும்.

எப்படி மாற்றுவது என்று மாதக்கணக்கில் யோசித்தேன். இந்தக் கட்டடத்தில் யோசிக்கிற ஒரே ஆள் நான்தான் என்பதால் சந்தேகம் கேட்கக்கூட ஆள் இல்லை. பழைய மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியதைப் பக்கத்தில் ஓடவிட்டு, பழைய ரத்த முடிவுகளை எல்லாம் அதற்குள் கொட்டி, ஒரு விடியற்காலையில் சத்தமில்லாமல் இடம் மாற்ற வேண்டும். அப்படித்தான் செய்தேன். காலையில் வந்தவர்களுக்குத் திரையின் நிறம் மாறியது மட்டும்தான் தெரிந்தது. ஒருத்தி கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது என்றாள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.

பழைய முடிவுகளில் கடைசிப் பகுதியை இடம் மாற்றிய பிறகுதான் கொட்ட முடியும், அதில் ஒரு சின்ன விஷயம் இருந்தது. மென்பொருள் கம்பெனிக்காரர் போனில் சொன்னார்.

"மேடம், கொட்டுறப்ப அலர்ட்டை மூடி வெச்சிருங்க. இல்லேன்னா எப்பவோ செத்துப்போனவங்களுக்கெல்லாம் சேர்த்து வார்டுல மணி அடிக்கும். முடிஞ்சதும் மறக்காம திறந்துருங்க. திறக்குறதுக்கு மட்டும் எல்லாத்தையும் ஒரு தடவை நிறுத்தி ஓடவிடணும்."

"எவ்வளவு நேரம் நிறுத்தணும்?"

"ஒரு டீ குடிக்கிற நேரம்."

"அதுவும் நேரம்தானே?" என்றேன். நான் தமாஷ் செய்கிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார்.

நான் மறக்கவில்லை. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். மறந்துவிட்டேன் என்று எழுதினால் என்னை அவமதிப்பதாகும். நிறுத்தக் கூடாது என்பதற்காகத்தான் மூடியதைத் திறக்காமல் விட்டேன். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மின்சாரப் பராமரிப்புக்காகக் கட்டடம் முழுவதையும் நிறுத்துவதாக இருந்தது. அன்றைக்கு எல்லாமே நிற்கும், அதில் என் பங்கு இவ்வளவு என்று யாரும் பிரித்துப் பார்க்க முடியாது. அப்போது திறந்துகொள்ளலாம். பொறுமையாக யோசித்துப் பாருங்கள், இதைவிட ஒழுங்கான ஏற்பாடு உண்டா?

அதுவரை வார்டுகளில் சிவப்புக் கட்டம் வராது. எண்கள் வந்து நிற்கும், திறந்து பார்த்தால் தெரியும். நான் எதையும் மறைக்கவில்லை. நர்ஸுகள் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். பயிற்சி வகுப்பில் நான் அவர்களிடம், "சிவப்பு வந்தா ஓடுங்க, வரலேன்னா நிம்மதியா மத்த வேலையைப் பாருங்க" என்று சொல்லியிருந்தேன். சொன்னபடியே நிம்மதியாக இருந்தார்கள். ஒருத்தி என்னைப் படிக்கட்டில் நிறுத்தி, "புது சாஃப்ட்வேர் வந்ததிலேருந்து வார்டு எவ்வளவு அமைதியா இருக்கு மேடம்" என்றாள். நன்றி சொன்னேன்.

அந்த வாரத்தில் வேறு யாருக்காவது ஏதாவது ஆனதா என்கிறீர்களா? தெரியாது. யாரும் புகார் கொடுக்கவில்லை.

தொல்லை வார்டிலிருந்து வரவில்லை, இங்கிருந்துதான் வந்தது. நீங்கள் சஸ்பெண்ட் செய்து வைத்திருக்கிறீர்களே, மூத்த டெக்னீஷியன், அவளை எல்லோரும் மறுபடி அக்கா என்பார்கள். ஆபத்தான எண் எதைப் பார்த்தாலும் வார்டுக்குப் போன் போடுவாள். பெயரையும் எண்ணையும் சொல்வாள். பிறகு, "மறுபடி சொல்லுங்க" என்பாள். அந்தப் பக்கம் இருப்பவள் கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் மறுபடி. சொன்ன பிறகு டாக்டர் பெயரைக் கேட்டு அதற்கும் ஒரு மறுபடி. கம்ப்யூட்டர் வந்து இத்தனை வருஷம் ஆன பிறகும் அவளுக்கு ஒரு கறுப்புப் போன்தான் வேதம்.

புது மென்பொருள் வந்த பிறகும் போன் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாளே இந்த அறைக்கு வந்து நின்றாள்.

"மேடம், பிரசவ வார்டுக்குப் போன் பண்ணேன். ஸ்க்ரீன்ல சிவப்பு ஒண்ணும் வரலையேன்னு சொல்றாங்க."

"அவங்க ஸ்க்ரீனைப் பாத்தாத்தானே வரும். செல்போனைப் பாத்துட்டு இருந்தா எப்படி வரும்?"

"இல்ல மேடம், அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு. பாத்துட்டுத்தான் சொல்றா."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"ஐயோ, நான் அப்படிச் சொல்லலையே."

"உங்களுக்கு எல்லாத்துலயும் மறுபடி, மறுபடி. வீட்டுல புருஷன் சாப்பிட்டேன்னு சொன்னாலும் மறுபடி சொல்லச் சொல்வீங்களா?"

வெளியே இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அப்படிப்பட்டவர்களை அடக்க இது போதும், திட்டத் தேவையில்லை. மறுநாள் அந்தப் போனைக் கழற்றி எடுத்துவிட்டேன். புது முறை வந்துவிட்டதால் ஆய்வகத்திலிருந்து வார்டுக்குப் போன் செய்ய வேண்டியதில்லை என்று எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னேன். செல்போனை உள்ளே கொண்டுவரக் கூடாது என்பது ஏற்கெனவே இருந்த விதிதான். மேசையில் போன் இருந்த இடத்தை அவள் கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டிருந்தாள். போனைக் கழற்றியது நான். அவள் போன் செய்யவில்லை என்று நீங்கள் அவளை சஸ்பெண்ட் செய்திருக்கிறீர்கள். உங்கள் குழுவில் எத்தனை பேர் என்று சொன்னீர்கள்? இத்தனை பேரில் ஒருவருக்கும் போன் எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை.

இப்போது என் நாத்தனாரின் விஷயம். சிறுநீரகம் கெட்டு வாரத்துக்கு இரண்டு டயாலிசிஸில் இருந்தார். இப்படிப்பட்டவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். ஒரு அளவைத் தாண்டினால் இதயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். உடனே தெரிந்துவிட்டால் ஊசி போட்டு, டயாலிசிஸில் படுக்க வைத்து இறக்கிவிடுவார்கள். சாதாரண வேலைதான், தினமும் நடப்பது. காய்ச்சல் வந்து ஒரு டயாலிசிஸ் தள்ளிப்போனதால் அவரை வார்டில் சேர்த்திருந்தார்கள். வேலைக்கு வரும் வழியில் போய்ப் பார்த்தேன்.

"வாடி கம்ப்யூட்டரம்மா. என்னைப் பாக்க வந்தியா, இல்ல என் தம்பி தொல்லை தாங்காம வந்தியா?"

"ரெண்டும்தான் அண்ணி."

"இந்தக் கஞ்சியைக் குடிச்சுப் பாரேன். உப்பும் இல்ல, உறைப்பும் இல்ல. இதைக் குடிச்சுட்டுப் பொழைக்கிறதுக்கு..." என்று சொல்லி அவரே சிரித்துக்கொண்டார்.

எங்களுக்குள் குடும்பப் பகை ஏதாவது இருந்ததா என்று நீங்கள் என் கணவரிடம் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் புத்தி அவ்வளவு தூரம்தான் போகும். ஒரு பகையும் இல்லை. என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, "நீ போய்ப் படிடி" என்று என்னை வகுப்புக்கு அனுப்பியவர் அவர்தான். நான் இந்த அறையில் உட்கார்ந்திருப்பதற்கு அவரும் ஒரு காரணம். நன்றி கெட்டவள் இல்லை நான்.

அன்றைக்கு முற்பகலில் பெரிய டாக்டர் வேறு ஆஸ்பத்திரிகளிலிருந்து வந்த விருந்தாளிகளை இங்கே அழைத்து வந்தார். ஒரு நிமிடம்கூட நிற்காமல் மென்பொருளை மாற்றிய ஆய்வகத்தைப் பார்க்க வந்திருந்தார்கள். இந்தத் திரைக்கு முன்னால் நின்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர்கள் கேட்ட கேள்விகளைக் கேட்டிருந்தால் நீங்களும் அழுதிருப்பீர்கள். ஒருவர், இது தமிழிலும் வருமா என்று கேட்டார்.

அப்போது திரையில் அண்ணியின் பெயர் வந்தது. பக்கத்தில் பொட்டாசியம். அந்த எண்ணைச் சொன்னால் உங்களுக்குப் புரியாது. டெக்னீஷியன் வேலையில் சேர்ந்து ஒரு வாரமே ஆன ஒருவன் பார்த்தாலும் எழுந்து ஓடுகிற எண்.

பார்த்தேன். திரையை நகர்த்தினேன்.

மறுபடி அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

"மேடம், ஒரு நிமிஷம்."

"கெஸ்ட் இருக்காங்க."

"உங்க நாத்தனார் பேரு மேடம். பொட்டாசியம்..."

"எனக்குக் கண்ணு இருக்கு."

"வார்டுக்கு அலர்ட் போயிடுச்சா மேடம்? இல்லேன்னா நான் ஓடிப்போய்ச் சொல்லிட்டு வந்துர்றேன், ரெண்டு மாடிதானே."

விருந்தாளிகள் என்னைப் பார்த்தார்கள். பெரிய டாக்டரும் பார்த்தார்.

"போயிடுச்சு" என்றேன்.

"மறுபடி சொல்லுங்க மேடம்."

"போயிடுச்சும்மா. வார்டுல பாத்துக்கிட்டு இருப்பாங்க. நீங்க போய் உங்க வேலையைப் பாருங்க."

அவள் போனாள். நான் சொன்னதால் நம்பினாள். அலர்ட் மூடியிருக்கிறது, வார்டுக்கு எதுவும் போகவில்லை, போகவும் போகாது என்று தெரிந்துதான் சொன்னேன். நானே போய்ச் சொல்லியிருக்கலாம். யோசித்தும் பார்த்தேன். போனால் எதற்காகப் போகிறேன் என்று கேட்பார்கள். மென்பொருள் சொல்லாதா என்பார்கள். அதோடு, அந்த வாரத்தில் வேறு எத்தனையோ பேருடைய எண்களை இதே திரையில் பார்த்துவிட்டு உட்கார்ந்த இடத்தைவிட்டு நான் எழுந்திருக்கவில்லை. சொந்தக்காரி என்பதற்காக இவருக்கு மட்டும் ஓடினால் அது பாரபட்சம் ஆகாதா? என் மேல் ஆயிரம் குறை சொல்லலாம், பாரபட்சம் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை.

விருந்தாளிகள் சாப்பிடப் போன பிறகு வார்டில் அவருடைய இதயம் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை கட்டடத்தில் மின்சாரம் நிறுத்தினார்கள், நான் அலர்ட்டைத் திறந்தேன். அன்றிலிருந்து எல்லா வார்டிலும் சரியாக மணி அடிக்கிறது. அதைச் சோதித்துப் பார்த்துவிட்டு, கோளாறு விட்டு விட்டு வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கோளாறு வரவும் இல்லை, போகவும் இல்லை. மூடியது நான், திறந்தது நான். பழைய மென்பொருளுக்குத் திரும்பினால் ஆய்வகம் இரண்டு நாள் நிற்கும். நான் கட்டியதை உங்கள் குழு இடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பதால்தான் இதைச் சொல்கிறேன். மறுபடி அக்காவைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். என் கணவருக்கு இதெல்லாம் தெரியாது. நீங்களே சொல்லிவிடுங்கள், அவர் அழுவதை உட்கார்ந்து பார்க்க எனக்குப் பொறுமை இல்லை.

ஆனால் ஒன்றையும் விடக் கூடாது. வார்டு நர்ஸ் உங்களிடம் சொன்னதில் ஒரு வரியை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறீர்கள். ரத்த முடிவு வந்ததா என்று ஆய்வகத்தில் கேட்கட்டுமா என்று அவள் எழுந்தபோது, "எதுக்கும்மா? அங்க என் தம்பி பொண்டாட்டி இருக்கா. ஏதாவதுன்னா அவளே ஓடி வந்துருவா" என்று சொல்லி அண்ணி அவளை உட்கார வைத்திருக்கிறார். நர்ஸ் எழுந்து வந்து கேட்டிருந்தால் அவர் இன்றைக்கு உயிரோடு இருப்பார். இதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். இவர்களுக்கு ஒரு முறையை நம்பத் தெரியாது, ஆளைத்தான் நம்புவார்கள்.

ஆகவே, மென்பொருள் கோளாறு என்று எழுதிய இடத்தில் மனிதத் தவறு என்று திருத்திக்கொள்ளுங்கள். அண்ணியின் பெயரை மட்டும் போட வேண்டாம். என்ன இருந்தாலும் எங்கள் வீட்டுப் பெண், இறந்துபோனவர் மேல் பழி போடுவதில் எனக்கு விருப்பமில்லை.