பூட்டுப் பாட்டு

வெயில் காலத்தில் போங்கோ நன்றாகப் பேசும், ஐயா. தோல் காய்ந்து, விரல் பட்டாலே கணீரென்று இருக்கும். எங்கள் குழுவுக்குக் கச்சேரிகள் அதிகம் வருவதும் சித்திரையில்தான்.

குழு என்றால் மூன்று பேர். கிடாருக்கும் பாட்டுக்கும் ஜமீர், அக்கார்டியனுக்குக் கரீம், போங்கோவுக்கு நான், கடத்தூர் மாதேஸ்வரன். சினிமாப் பாட்டு வாசிக்க மாட்டோம். எல்லாம் ஜமீர் எழுதியவை. டிக்கெட் எடுக்காமல் ஓசூர் பஸ் ஏறிய மாரண்டஹள்ளித் தக்காளி, மாமியாருக்குப் பயந்து பொய்ப்பல்லை ஒளித்து வைத்த மாப்பிள்ளை, இப்படி. கேட்டவன் சிரிப்பான், வீடு போய்ச் சேர்வதற்குள் தன்னையறியாமல் பாடுவான். எழுபத்து மூன்றில் சென்னைக்குப் போய் நாலு பாட்டை இசைத்தட்டாகப் போட்டோம். அட்டைப் படத்தில் நாங்கள் மூவரும் ஒரு கழுதையும்.

அதில் ஒன்று பூட்டுப் பாட்டு. பெண்டாட்டியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, பஸ் ஏறியும் மனம் கேளாமல் இறங்கி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஒருவனின் கதை. இடையிடையே உள்ளேயிருந்து கதவு தட்டும் சத்தம் வரும். அதை வாசித்தவை என் விரல்கள். ஒலிப்பதிவு செய்தவர் அருமை என்றார்.

நானும் என் மனைவி தீர்த்தம்மாளைப் பூட்டிவிட்டுத்தான் போவேன். ஊர் கெட்டுக் கிடக்கிறது, அவள் வெள்ளந்தி. ஆனாலும் அந்தப் பாட்டு என்னைப் பற்றியது என்று எனக்குத் தோன்றவே இல்லை. பாட்டில் வருகிறவன் கோமாளி.

டீக்கடைகளில் அந்த இசைத்தட்டு ஓடத் தொடங்கியபின் என்னைக் கண்டவர்களெல்லாம் சிரித்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் என் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு ஓடினார்கள். இந்தக் கதை எங்கே கிடைத்தது என்று ஜமீரிடம் கேட்டேன். அவனுக்குப் பொய் வராது.

"அண்ணிதாங்கண்ணே சொன்னாங்க, சன்னல் வழியா. நேரா சொன்னா நீங்க கேக்க மாட்டீங்க. பாட்டா வந்தா, சிரிச்சுட்டுப் பூட்டைத் தூக்கிப் போட்டுருவீங்கன்னு நெனச்சேன்."

நானும் சிரித்தேன். அவன் மேல் எனக்கு வருத்தமில்லை.

அன்று சோறு போடும்போது தீர்த்தம்மாளிடம் கேட்டேன். "ஆமாங்க, நான்தான் சொன்னேன். ஊரே சிரிக்குது. நீங்களும் ஒருக்கா சிரிச்சுட்டுத் தொறந்து வுட்டுருங்க" என்றாள். குரலில் பயமே இல்லை. அது எனக்குப் புதிதாக இருந்தது.

மறுநாள் சன்னலுக்குப் பலகை அடித்தேன். தடித்த பலகை. பேசினால் வெளியே கேட்காது.

பிறகு சேலம் பக்கம் வரிசையாகத் திருவிழாக் கச்சேரிகள். வழக்கம்போல் பூட்டிவிட்டுப் போனேன். இந்த முறை நடுவில் ஊர் திரும்பவில்லை. "அண்ணி தனியாவா இருக்காங்க?" என்று ஜமீர் கேட்டான். "நல்லம்பள்ளியில அவங்காத்தா வூட்டுக்கு அனுப்பிட்டேன்" என்றேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. பாட்டு வேலை செய்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான். அன்றைய மேடையில் பூட்டுப் பாட்டை இரண்டு தடவை பாடினான். இரண்டு தடவையும் நான் தட்டினேன்.

திரும்பி வந்து கதவைத் திறந்தபோது அவள் நிலைப்படியை ஒட்டிக் கிடந்தாள். உயிர் போய் நாளாகியிருந்தது. விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

பக்கத்து வீட்டுச் செல்லம்மாள் உங்களிடம் என்ன சொன்னார் என்று கேள்விப்பட்டேன். "தட்டுற சத்தம் கேட்டுச்சுங்க. பசங்கதான் பாட்டு பாடி வெளையாடுதுங்கன்னு இருந்துட்டேன்." அவரைக் குறை சொல்ல முடியாது. தீர்த்தம்மாளுக்குத் தாளம் நன்றாக வரும்.

நான் அவளை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். வீட்டில் அரிசி இருந்தது, ராகி மாவு இருந்தது. புறப்படும்போது குடத்துத் தண்ணீரையெல்லாம் வாசலில் கொட்டியது நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பழைய தண்ணீரைக் குடித்து அவள் உடம்புக்கு ஏதாவது வந்துவிட்டால், நான் ஊரில் இல்லாதபோது யார் பார்ப்பார்கள்?