தோக்குக்கு வந்த வீக்கம்

…அதுனாலதான் சொல்லுகேன் மக்ளே, இது கம்பெனிக் கோளாறு! எழுதி வச்சுக்கோ. எனக்க கொழுந்தன் உமாசங்கர் இந்த ஏர்கன்ன வெலை கொறைஞ்சதாப் பாத்து வாங்கிட்டு வந்தான், இப்பக் குழலு வீங்கிப்போச்சு. இங்க தடவிப் பாரு… எலிய முழுங்கின சாரப்பாம்பு போல இல்லியா? ஆமா, கடையில ஆணுங்க யாரும் இல்லியா? தோக்க ரிப்பேரு பாத்து நன்னாக்க ஆளு யாரு?… நீயேவா! கொள்ளாமே! பேரென்ன?… ஷெமி. நான் பொன்னம்மை. ஆரியசாலையில வத்தமொளகு மொத்தக்கடை திரவியம் இருக்காருல்லா, அவருக்க வீட்டுக்காரி.

நடந்தத கேளு. சரஸ்வதி பூஜை எடுத்த மறுநாளு, மழை விட்டு வெயிலு எட்டிப் பாத்துதேன்னு மாடியில வடகம் காயப் போட்டேன். காக்கா சும்மா இருக்குமா? வந்துட்டு, ஊரையும் கூட்டிட்டு! அதுகள நாங்க சுடமாட்டோம், பாவம்லா. ஒரு எண்ணெ டின்னக் கெட்டித் தூக்கியிருக்கோம். ஏர்கன்ன வச்சு அதுல ஒரு அடி அடிச்சா ‘டங்’குன்னு சத்தம், எல்லாம் பறந்துரும். அன்னைக்கு எனக்க வீட்டுக்காரரு அடிச்சாரு… எம்மா! டின்னு சத்தமே இல்ல. தோக்குதான் படார்னு! கோயில்ல வெடி வழிபாடு தோத்துது, கேட்டியா. மூட்டு வழியா ஒரே பொகை. அதுவும் என்ன மணம்ங்க? பப்படம் பொரிச்ச மணம்! அடுப்ப அணைக்கலியோன்னு நான் கீழ ஓடிட்டேன்.

திரும்பி வந்தா அண்ணனும் தம்பியும் மல்லுக்கு நிக்காங்க. ‘ரெண்டு குண்ட ஒண்ணாத் திணிச்சிட்டீங்க’ன்னு தம்பி. ‘நீ வாங்கின சாமானுக்க யோக்யதை’ன்னு அண்ணன். தோக்குல தொடங்கின பேச்சு, கடைச் சாவி, அப்பாவுக்க கட்டிலுன்னு எங்கெல்லாமோ போச்சு. இப்ப கடைக்கு நடுவுல சுவரு கெட்டப் போறாங்களாம்! அளவெடுக்க இன்னைக்குக் கொத்தனாரு வந்திருக்காரு. எனக்க ஓர்ப்படியா, உமாசங்கருக்க பெண்டாட்டி வடிவம்மாளும் நானும் ஒரே அடுப்புல சமைச்சவங்க… இப்ப கடைக்கு மேல உள்ள வீட்டுப் படியில எதுக்க வந்தா மொகத்தத் திருப்புகா. சோறு எறங்கல மக்ளே, சத்தியமா. அவள விட்டா எனக்குப் பேச யாரு உண்டு?

அதுனால நீ ஒண்ணு செய்யி. தப்பு உமாசங்கருக்குன்னு சொல்லிரு, அது போதும். அவன் ‘தப்புதாண்ணே’ன்னு ஒரு வார்த்தை சொன்னா, சுவரும் வேண்டாம் மண்ணும் வேண்டாம்னு இவரு அழுதுருவாரு.

என்னத்துக்குக் குழல மோந்து பாக்க?… எண்ணெயா? போட்டேனே! தோக்க இப்பிடி யாரு கவனிப்பா? பூஜைக்கு வைக்கதுக்கு முன்ன தராசு, அரிவாமணை, தையல் மிஷினு, எல்லாத்துக்கும் நாந்தான் எண்ணெ. செக்குல ஆட்டின தேங்காயெண்ணெ! தோக்குக்கு வாய் வழியா ஊத்தினேன், கொடகொடன்னு… பெறவு சரஸ்வதி படத்துக்குப் பக்கத்துல நிப்பாட்டி, பொட்டு வச்சு, மாலை போட்டேன். ஊதுவத்தி குத்தப் பழம் இல்ல. தோக்கு சும்மா வாயத் தொறந்துட்டுதானே நிக்கி? அதுல குத்தினேன். வத்தி ஆடிச்சு. ஆடாம இருக்க சந்தனத்த உருட்டி, நல்லா அமத்தி அடைச்சேன். என்ன ஒரு ஐசுவரியம் தெரியுமா!

குச்சிய அப்பவே உருவிட்டேனே… சந்தனமா?… அது பிரசாதம்லா, அதுக்கென்ன?

கம்பிய எதுக்குக் குழலுக்குள்ள விடுக? பைய… பைய! எளவு, என்னமோ உழுந்துதே… குண்டா? அன்னைக்கு அடிச்ச குண்டா? வெளியவே போகலியா? பாரேன், நெத்தி நெறைய சந்தனம்…

…

நீ ஒண்ணும் சொல்லாத. மனசிலாச்சு. பொறத்தால அமுங்கின காத்துச் சூட்டுல எண்ணெ எரிஞ்சு, முன்னால சந்தனம் மறிச்சா… பாவம், குழலு என்ன செய்யும்.

எனக்க பொன்னு மோளில்லா, கம்பெனிக் கோளாறுன்னே… ஐயோ, போனு! அவருதான்.

ஹலோ… ஆமா, கண்டுபுடிச்சாச்சு. உங்க மேல தப்பு இல்ல… சந்தோசப்படாதீங்க, தம்பி மேலயும் இல்ல… அப்ப யாரா? சரஸ்வதி தேவி… ஆமா, நெசமாத்தான். அவளுக்க சன்னதியிலதான் நடந்துது… கூட யாரு நின்னதா? அது வந்து சொல்லுகேன். மொதல்ல கொத்தனாருக்கு ஒரு சாயா குடுத்து அனுப்பிருங்க. போன வடிவுட்ட குடுங்க… குடுங்கங்கேன்!

வடிவே… வச்சிராத, வச்சிராத. அந்தத் தோக்குல எண்ணெய ஊத்தி சந்தனத்த அடைச்சது நாந்தாண்டி…

சிரிக்கியா?… சிரி, சிரி. நல்லா சிரி.