ஸ்பீடு ஏத்தின பொட்டி

இல்ல தம்பி, அவன் வாசல்லயே நிக்கட்டும். உள்ள வுட்டா உங்க கையில இருக்கிற ஸ்குரூ டிரைவரப் புடுங்கி அவனே நோண்ட ஆரம்பிச்சிடுவான். அப்படி நோண்டித்தான் இந்தக் கதி. டேய் செந்தமிழு, நெழலுக்கு நகராத. வெயில்லயே நில்லு. சூடுன்னா இன்னான்னு கொஞ்சம் தெரியட்டும்.

என் ரெண்டாவது புள்ளதாங்க. மொகத்தப் பாத்தா அறிவாளி மாதிரி இருக்கும், ஏமாந்துடாதீங்க. பாண்டில, கம்ப்யூட்டர்ல பொம்மைய நடக்க வைக்கிற படிப்பு படிச்சான். பொம்மை நடக்குது, இவன் ஒக்காந்துட்டான். சென்னைல ஒரு கம்பெனில சின்னதா ஒரு படம் செஞ்சி எடுத்துக்கிட்டு வரச் சொல்லியிருக்காங்களாம். திங்கக்கெழமை காட்டணும். புடிச்சிருந்தா அன்னிக்கே வேலையாம். படம் மொத்தமும் இந்தக் கம்ப்யூட்டர் பொட்டிக்குள்ளதான் கெடக்குது, வேற எங்கயும் இல்லியாம். அதான் தொரைக்கு சோறு எறங்கல.

பொட்டியா? சுனாமிக்கு அப்புறம் பாண்டில பழசா வாங்குனது. ஸ்பீடு பத்தலையாம் அவனுக்கு. ஒரே ஒரு காட்சி வரஞ்சி முடிக்க ராத்திரி பூரா ஓடுதாம். எவனோ கூட்டாளி சொல்லிக் குடுத்திருக்கான், உள்ள இருக்கிற அந்தச் சில்லு மேல பென்சிலால கோடு இழுத்தா வேகத்த ஏத்திக்கலாம்னு. அத்தோட கரண்டையும் கூட்டி வுட்டிருக்கான். பென்சிலுங்க! ஓ, நெசமாவே அப்படி ஒண்ணு இருக்குதா? பென்சில் கரியில கரண்ட் பாயுமா? சரிதான். அப்ப முழுப் பைத்தியம் இல்ல, அரைதான். நம்ம அளத்துல தண்ணி காஞ்சி உப்பு எறங்க, சூரியன் அது பாட்டுக்கு நாள் எடுத்துக்குது. அதப் போயி யாராவது முடுக்க முடியுமா? இவன் முடுக்குவான்.

அந்த ஃபேனக் கழட்டுங்க. துரு புடிச்சிருக்குதா? உப்புக் காத்து தம்பி, மரக்காணத்துல கதவுக் கீலே தாங்காது. அதுக்குக் கீழ கருப்பா இன்னாது? மோந்து பாருங்க. ஆங், கிரீஸ்தான்! அளத்துல தண்ணி எறைக்கிற எஞ்சினுக்குப் போடற கிரீஸ். சூட்ட இழுக்க ஏதோ பசை தடவணுமாம், இங்க கடைல கெடைக்கலன்னு டப்பாவுல இருந்து தோண்டி அப்பியிருக்கான். டேய்! தம்பி சிரிக்கிறாருடா! கிரீஸ அப்பினியே, அப்படியே ரெண்டு லிட்டர் டீசலும் ஊத்தியிருக்கலாம் இல்ல? பாருங்க, தலயத் தூக்கறானா பாருங்க. இவ்ளோ வயசாவுது, எதுத்து ஒரு வார்த்த பேசுனதில்ல.

மூலைல கருகியிருக்குதா? பிராசஸர்னா சொன்னீங்க? அது செத்துடிச்சி. சரி. மத்ததெல்லாம்? படம் இருக்கிற டிஸ்க்கு? வேற பிராசஸர் போட்டுப் பாத்தாத்தான் தெரியுமா. பையில வச்சிருக்கீங்களா? அதே மாடலா? போடுங்க. பாத்துடுவோம்.

இன்னாத்துக்கு அந்தக் குட்டி பேட்டரியக் கழட்டுறீங்க? அவன் ஏத்தி வச்ச வேகத்தையெல்லாம் அது மறந்துடுமா! மறந்துட்டுப் பழையபடி ஓடுமா? நல்லாருக்குது தம்பி. மனுசனுக்கு அப்படி ஒண்ணு இருந்தா, பெரியவனுக்குத்தான் மொதல்ல கழட்டுவேன். பாலகுருன்னு பேரு. அவனும் இப்படித்தான் சென்னைக்குப் போறேன்னு நின்னான். போகக்கூடாதுன்னேன். பேச்சு முத்திப்போயி, உப்பு வார்ற பலகையாலயே அடிச்சிட்டேன். சட்டையெல்லாம் ரத்தத்தோட பஸ் ஏறுனான். அவங்கம்மா செத்தப்போ வந்தான். கொள்ளி வச்சான். ஒரு வாய் தண்ணி குடிக்காம திரும்பிட்டான்.

பீப்னு கத்துச்சே, நல்லதா கெட்டதா? நல்லதா. அவன் காதுல விழுந்திருக்குமா? விழுந்திருக்காது, ரோட்டுல லாரி போச்சி. தம்பி, அந்தக் கம்ப்யூட்டர் டிவிய இந்தப் பக்கம் திருப்புங்க, வாசல்ல இருந்து தெரியுது.

வந்துடிச்சா? அதுதான் படமா? ஓட்டுங்களேன். சத்தம் வேணாம். இது நம்ம அளம் இல்ல? யாரோ உப்பு வார்றான். அட, என்ன மாதிரியே ஒரு கால இழுத்து இழுத்து நடக்கிறான். குனிஞ்சி நிமிரும்போது இடுப்புல கை வைக்கிறான் பாருங்க. எப்போ பாத்தான் என்ன இவ்ளோ?

போதும். நிறுத்துங்க.

மெதுவாப் பேசுங்க தம்பி. ஒண்ணு கேக்கறேன். இப்ப போட்ட பிராசஸரக் கழட்டிப் பையில வச்சிக்குங்க. டிஸ்க்கையும் கழட்டி எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. எல்லாம் எரிஞ்சிடிச்சி, படமும் போச்சின்னு அவன்கிட்ட சொல்லணும். நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா நம்பாம பொட்டியத் தூக்கிக்கிட்டு பாண்டிக்கு ஓடுவான். அதுக்குத்தான் உங்கள வரவழைச்சதே.

அப்படிப் பாக்காதீங்க. கருகுனதப் பாத்தப்போ எனக்கு வயித்துல பால் வாத்த மாதிரி இருந்துது. மொத்தமும் தானாவே போயிருந்தா என் தலைல பாவமில்ல. நீங்கதான் உயிர் குடுத்துட்டீங்க. உங்க அப்பா இருக்காரா? பொம்மையார்பாளையத்துலயா? தெனம் கடையச் சாத்திட்டு வீட்டுக்குப் போயிடுவீங்க இல்ல? அவரு கதவத் தெறந்து வச்சிக்கிட்டு ஒக்காந்திருப்பாரு இல்ல? அவ்ளோதான் நான் கேக்கறது.

நான் நல்லவனா கெட்டவனான்னு ரோசன பண்ணாம இல்ல. பண்ணிப் பண்ணித்தான் இங்க வந்து நிக்கறேன். பெரியவனுக்கு எம்மேல கோவம். கோவத்துல போனவன் போன எடத்துல நல்லாத்தான் இருக்கான். இவனுக்கு எம்மேல கோவம் வரக்கூடாது. என் கையாலதானே கெட்டுதுன்னு அவன் மேலயே இருக்கட்டும். வெக்கப்பட்டுப் போனவன் வீட்ட வுட்டு எங்கயும் போமாட்டான். மறுபடியும் வரைவானேன்னா கேக்குறீங்க? மாட்டான். காலைல இருந்து நீங்க வர்ற வரைக்கும் நான் திட்டுன திட்டு இருக்குதே, அதெல்லாம் சும்மாவா?

கழட்டிட்டீங்களா? மொதல்ல பைய மூடுங்க. அவன் பாத்துடப் போறான்.

டேய் செந்தமிழு, உள்ள வாப்பா. வந்து எம் பக்கத்துல ஒக்காரு. பயப்படாத, திட்டமாட்டேன்.

சொல்லுங்க தம்பி.