மாப்பிள்ளை வண்டி எஞ்சின்

உக்காருங்க முதலாளி. அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை, செவுத்துப் பக்கமா சாஞ்சுக்குங்க. டீ வந்துடும். பிரேக் பார்க்கத்தானே வண்டியை விட்டேன், எடுத்துட்டுப் போனதிலிருந்து லோடு ஏத்தினா ஏன் இழுக்கவே மாட்டேங்குதுன்னு கேட்டீங்க. நியாயமான கேள்வி. பிரேக் நல்லாப் பிடிக்குதுல்ல? நீங்க சொன்ன வேலை அதுதான், அதுல நான் குறை வைக்கல.

உங்க வண்டி, என் வண்டி, எங்க மாப்பிள்ளை வண்டி, மூணுமே அதே பழைய சின்ன பிக்கப். வருஷம் முன்னப்பின்ன இருக்கும். ஒண்ணுல முன்விளக்கு வட்டம், ஒண்ணுல சதுரம். ஆனா பானெட்டைத் தூக்கினா மூணும் கூடப்பிறந்ததுங்க. எஞ்சின் உக்கார்ற இடம் ஒண்ணு, போல்ட் ஒண்ணு, கியர் பாக்ஸ் வந்து சேர்ற விதம் ஒண்ணு. செயின் பிளாக்கில தூக்கி இதை அதுலயும் அதை இதுலயும் இறக்கினா செஞ்சவனுக்கே அடையாளம் தெரியாது. அது ஒரு மாதிரி கையை அரிக்கும் முதலாளி, மெக்கானிக்கா இருந்தாத்தான் புரியும்.

எனக்கு ஒரே பொண்ணு. இந்தப் பட்டறையில ஸ்பேனர் எடுத்துக் குடுத்தே வளர்ந்தவ. கட்டிக் குடுத்ததும் ரெண்டு தெரு தள்ளித்தான். சாயங்காலமானா அந்த வாசல்ல வந்து நின்னு, இன்னும் குளிக்கலையாப்பான்னு ஒரு அதட்டல் போட்டுட்டுப் போவா. எனக்கு அது போதும். மாப்பிள்ளை வாயில விரலை வச்சாக் கடிக்கத் தெரியாதவர். அப்படிப்பட்ட மனுஷன் திடீர்னு என் அடிமடியிலயே கை வச்சார். மலை மேல காய்கறி லோடு நிறையக் கிடைக்குது, குடித்தனத்தையே அங்க மாத்திக்கறோம் மாமான்னார். என் வீட்டுக்காரி மூக்கைச் சிந்தினா. நான் அழல. ரொம்ப சந்தோஷம் மாப்பிள்ளை, அவ்வளவு உசரம் ஏறணும், வண்டியை ஒரு தடவை பார்த்துக் குடுத்துடறேன்னு சொன்னேன்.

பார்த்தேன். அவர் எஞ்சின் ராஜா மாதிரி இருந்தது, கியர் பாக்ஸ் வெண்ணெய். என் வண்டியில இருந்தது சாகக் கிடந்தது. புகையாத் தள்ளும், மூணாவது கியர் தானா நழுவி வெளிய வந்துடும். பட்டப்பகல்ல, கதவைத் திறந்து வச்சுக்கிட்டு ரெண்டு வண்டிக்கும் மாத்தி மாட்டினேன். திருட்டுத்தனமா இருந்தா கதவைச் சாத்தியிருக்க மாட்டேனா?

தட்டுமுட்டுச் சாமானெல்லாம் ஏத்திக்கிட்டுக் கிளம்பினாங்க. முதல் மேட்டிலயே வண்டி முக்கி முனகிப் படுத்துடுச்சு. நான்தான் என் வண்டியில போய்க் கயிறு கட்டி இழுத்துட்டு வந்தேன், அவர் எஞ்சினை வச்சே. இறங்கினதும் மாப்பிள்ளை என் கையைப் பிடிச்சுக்கிட்டு, நீங்க இல்லேன்னா எங்க கதி என்ன மாமான்னு கண் கலங்கிட்டார். எனக்கே மனசு இளகிப் போச்சு. மறுபடி கிளம்பினாங்க, மறுபடி இழுத்துட்டு வந்தேன். இருந்த வீட்டைத்தான் காலி பண்ணியாச்சே, கட்டிலும் பீரோவும் எங்க கூடத்திலயே இறங்குச்சு. ஒரே அடுப்பு, ஒரே சிரிப்பு. காலையிலயும் அதட்டல், சாயங்காலமும் அதட்டல். இதுல யாருக்கு என்ன நஷ்டம், நீங்களே சொல்லுங்க.

அப்புறம் ஒரு நாள் பொண்ணு வந்து, உங்க வண்டியை எங்களுக்குக் குடுத்துட்டு எங்களோடதை நீங்க வச்சுக்குங்கன்னு கேட்டா. திருதிருன்னு முழிச்சுக்கிட்டே சாவியை நீட்டினேன். மாப்பிள்ளை பின்னாடி சாமானுக்குக் கயிறு கட்டிட்டு இருந்தார். அவ ஸ்டார்ட் பண்ணிட்டு, கொஞ்ச நேரம் தலையைச் சாய்ச்சு எஞ்சின் சத்தத்தைக் கேட்டா. அப்புறம் ஜன்னல் வழியா, புருஷனுக்குக் கேக்காத குரல்ல சொன்னா.

"எங்க எஞ்சினை நாங்க எடுத்துட்டுப் போறோம்ப்பா. அவர்கிட்ட சொல்ல மாட்டேன். நீங்க அங்க வந்து எங்களைப் பாருங்க."

அந்தக் காது நான் குடுத்த காது முதலாளி. பெருமையாத்தான் இருந்தது. வண்டி தெருமுனை திரும்பறவரைக்கும் நின்னேன்.

வந்து பாருங்கன்னுட்டா. எதுல போறது? என்கிட்ட நின்னதுல இருந்தது அந்தப் பாடாவதி எஞ்சின். பஸ்ல போகலாமேன்னு கேப்பீங்க. மெக்கானிக் பஸ்ல போய் இறங்கினா மாப்பிள்ளை வீட்டுல என்ன மரியாதை இருக்கும்? அந்த நேரம் பார்த்து நீங்க பிரேக்குக்கு வண்டியை விட்டீங்க. சமதரையில மேஜை நாற்காலி கொண்டு போய் இறக்கற மனுஷனுக்கு அவ்வளவு இழுவை எதுக்குன்னு தோணுச்சு. ஆமா, உங்க எஞ்சின், கியர் பாக்ஸ் ரெண்டும் என் வண்டியிலதான் இருக்கு. அருமையா ஏறுச்சு, நல்லா வச்சிருக்கீங்க.

மேல அவ சௌக்கியமாத்தான் இருக்கா. ஜன்னலைத் திறந்தா மேகம், பக்கத்து வீட்டுல நல்ல பழக்கம், மாப்பிள்ளைக்கு ஓயாத லோடு. எனக்குப் பாய் விரிச்சு, பெரிய தட்டா எடுத்து வச்சுப் பரிமாறினா. கையெல்லாம் கிரீஸோட உக்கார்ந்திருந்தேன், ஒரு வார்த்தை அதட்டல. விருந்தாளியை யார் அதட்டுவாங்க?

கோவப்படாதீங்க முதலாளி. அடுத்தவங்க பொருளை வச்சுக்கற பழக்கம் எனக்குக் கிடையாது. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்குங்க, உங்க எஞ்சினைப் பழையபடி உங்க வண்டியிலயே மாட்டிக் குடுத்துடறேன். மாப்பிள்ளைகிட்ட, சத்தம் ஒரு மாதிரி இருக்கு, வண்டியை அன்னைக்குக் கீழ கொண்டு வாங்க, பார்த்துக் குடுக்கறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். பொண்ணுக்கு எதுக்கு வீண் கவலை, அவகிட்ட சொல்லாதீங்கன்னும் சொல்லியிருக்கேன்.